இடது சீட்டுக்கு ஏற்ற டயர்

ஜூன் 29, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. இந்த ஊருக்கே உரிய சோம்பேறி மழை.

வேலைகள்: மாவு அரைக்க (ஆச்சு). கரண்ட் பில் (நாளை). ஜீப் டயர் பார்க்க (ஆச்சு. பார்க்காமலே இருந்திருக்கலாம்).

ஒரு ரூபாய்க் காசை டயர் பள்ளத்தில் செருகினேன். கால்வாசிகூட இறங்கவில்லை. பக்கங்களில் மெல்லிய வெடிப்பு, பித்தம் வந்த குதிகால் போல. ஆறு வருஷத்து டயர். நான்கையும் மாற்றியாக வேண்டும். ஸ்டெப்னி மட்டும் பின்கதவில் தொங்கிக்கொண்டு புதுசாக, ஒரு வேலையும் செய்யாத மாப்பிள்ளை மாதிரி.

நேற்று ரகுவிடம் டாக்டர் சொன்னது: "கார்ல ஒரு மணி நேரம் உக்காரலாம். ரொம்ப குலுங்கக் கூடாது, அவ்ளோதான்."

வெளியே வந்து டாக்ஸியில் ஏறியதும் ரகு: "கார்னு சொன்னாரு. உன் வண்டிய அவர் பாத்ததில்ல."

வண்டியைப் பற்றி எட்டு மாதத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

எழுதி வைக்கிறேன். இதுவரை எழுதவில்லை, பயம். நவம்பர், ஞாயிறு. ஆனேக்கல் தாண்டி ஏரிக்குப் போகிற மண்பாதை. மழை விட்ட மறுநாள். வண்டி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் சுற்றுகிறது, ஒன்றும் பிடிக்கவில்லை. அப்போதே தேய்ந்த டயர்தான், எனக்குத் தெரியும். "இறங்கி ஒரு தள்ளு தள்ளு ரகு" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். தள்ளினான். வண்டி வெளியே வந்தது. அவன் நிமிரவில்லை. முதுகில் டிஸ்க் விலகி, ஆபரேஷன், மூன்று மாதம் படுக்கை. இன்றுவரை இடது சீட் காலி.

அவன் அதில் திரும்ப உட்கார வேண்டும். யாரும் இறங்கித் தள்ளவும் கூடாது. இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு டயர். வேறு ஆசை இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

வெயில், நல்ல காற்று. ஒயிட்ஃபீல்டு பக்கம் சைட். மூன்றாவது மாடி கம்பி கட்டியதை சரிபார்த்தேன். ஒரு இடத்தில் இடைவெளி ஒரு அங்குலம் ஜாஸ்தி. மேஸ்திரியிடம் கத்தினேன். அவர், "மேடம் கண்ணுல ஸ்கேல் இருக்கு" என்று பின்னால் சொன்னது காதில் விழுந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பெரிய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன்: முதுகு ஆபரேஷன் ஆனவர் உட்காரணும், சேற்றிலும் நிற்கக் கூடாது, எந்த டயர்?

வந்த பதில்கள்:
— ஆல் டெரெய்ன் தவிர வேற எதையும் தொடாதீங்க.
— உங்க ஜோகுபாளையம் சந்துக்கு ஆல் டெரெய்ன் எதுக்கு? ரெயின்கோட் போட்டுக்கிட்டு தூங்கற மாதிரி.
— எது வேணா போடுங்க, லடாக் போயிட்டு வந்துடுங்க மேடம்.
— டாக்ஸி.

கடைசி ஆள்தான் கேள்வியை முழுசாகப் படித்திருக்கிறார்.

எனக்குப் புரிந்தது இவ்வளவு. ரோட்டு டயர் (இனி ரோ.): மெத்து, சத்தம் இல்லை, சேற்றில் வழுக்கும். ஆல் டெரெய்ன் (இனி ஆ.டெ.): தரை தொடும் பக்கம் கட்டை கட்டையாக ரப்பர், சேற்றைக் கடித்துக்கொண்டு ஏறும், கல்லுக்கு அஞ்சாது. ஆனால் பக்கச்சுவர் கெட்டி, ரோட்டில் உறுமும்.

ரோ. போட்டால் அவன் முதுகுக்கு நல்லது, சேற்றில் வண்டி நின்றுவிடலாம். ஆ.டெ. போட்டால் நிற்காது, முதுகு என்னாகுமோ. இதற்கு நடுவில் நான்.

சைட்டில் கான்கிரீட் கலவை சுற்றிக்கொண்டிருந்தபோது நின்றபடியே கண் சொக்கியது. ஏரிப் பாதை வந்தது. சேறு இல்லை, செம்மண் மாவு. டயர் போன இடமெல்லாம் கோலம். விழித்தால் மேஸ்திரி, "மேடம், டீ?"

ஜூலை 3, வியாழன்

மூட்டம். ஸ்வெட்டர் போடலாமா என்று யோசிக்கிற குளிர்.

ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் பாஷா பாய் கடை. இந்த வண்டிக்குப் பத்து வருஷமாக அவர்தான். கடையில் ஆளே இல்லை. கேட்டால், "ஆஷாடம் மேடம். கன்னடக்காரங்க இந்த மாசம் புது சாமான் வாங்க மாட்டாங்க. உங்களுக்கு ஆடி இன்னும் வரல இல்ல? உங்காளுங்கதான் இப்ப என் சோறு."

இரண்டு டயரையும் உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தார். ரோ. ஒழுங்கான நேர்க்கோடுகள், கணக்கு நோட்டு. ஆ.டெ. பார்த்ததும் கையை வைத்துவிட்டேன். வாய்க்கால், மேடு, திரும்பி ஓடும் சின்னச் சின்ன ஓடைகள். மேலிருந்து பார்க்கிற வயல்காடு. உடம்பெல்லாம் ரப்பர் முடி, கன்றுக்குட்டிக்கு இருக்கிற மாதிரி. தடவிக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"மேடம், டயரா புடவையா?" என்றார் பாய்.

கேட்டேன், உண்மையைச் சொல்லுங்கள் என்று.

"பொய் சொல்ல மாட்டேன். இது சத்தம் போடும். புதுசுல கொஞ்சம், தேயத் தேய ஜாஸ்தி. கெட்டியாவும் இருக்கும். ஆனா சேத்துல உங்கள விட்டுட்டுப் போவாது. சார் எப்டி இருக்காரு?"

"உக்காரலாம்னு சொல்லிட்டாங்க பாய்."

"அப்ப அவரக் கேளுங்க. உக்காரப் போறது அவரு."

அந்த டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள். முதல் இரண்டும் தயாரித்த வாரமாம். நாற்பத்தேழு. நவம்பர் கடைசிப் பக்கம். அந்த வாரம் ரகு ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடந்தான், நான் ஆஸ்பத்திரி நடையில் நாற்காலியில். அதே நேரம் எங்கேயோ ஒரு ஆலையில் இதைச் சுடச்சுட அச்சிலிருந்து எடுத்திருக்கிறார்கள். நமக்காகத்தான் என்று யாருக்கும் தெரியாமல். இப்படியெல்லாம் நினைப்பது சரியில்லை. நினைத்தேன்.

ஜூலை 5, சனி

மழை இல்லை. துணி காய்ந்தது.

ரகுவிடம் கேட்டேன். அவன் வழக்கம்போல் பால்கனி பக்கம், உயர மேசை முன்னால் நின்றுகொண்டே படம் வரைகிற வேலை. யாருடைய வீட்டுக்கோ படிக்கட்டு.

"ரோ. வா, ஆ.டெ. வா?"

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ஓட்டறது நீ."

"உக்காரப் போறது நீதானே."

மௌஸை நகர்த்தினான். படிக்கட்டுக்கு ஒரு படி கூடியது.

"ரகு."

"உனக்கு எது பிடிக்குதோ போடு ஹேமா. நான் வரேனா இல்லையாங்கறத அதுல சேர்க்காத."

சமையலறைக்குப் போய் பாத்திரத்தை நன்றாகவே உருட்டினேன். கோபம் இல்லை. கோபம்தான். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் ஆரம்பித்த வாயாடல், அதனால்தான் கல்யாணமாகியும் இன்னும் வா, போ. அவன் அக்கா எதிரில் மட்டும் நீங்க, வாங்க. அந்த வாயாடி ஆள் எட்டு மாதமாக அளந்து அளந்து பேசுகிறான்.

உண்மையில் எனக்கு வேண்டியது அவன் பேச்சுகூட இல்லை. தூக்கம். இருபது வருஷ ஞாயிறுகள், நான் ஓட்டுவேன், அவன் தூங்குவான். மடிவாளா தாண்டுமுன்னே தலை சாய்ந்துவிடும். வாய் திறந்திருக்கும். நடுவில் சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்பான். "சாவி எங்க?" "மாடு போயிடுச்சா?" நான் ஏதாவது சொல்வேன். அதை ஏற்றுக்கொண்டு திரும்பத் தூங்குவான். பக்கத்தில் ஒருத்தன் என்னை நம்பித் தூங்குகிறான் என்பதில்தான் எத்தனையோ கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இப்போது ஆபீஸ் பையை அந்த சீட்டில் வைக்கிறேன். அது தூங்குவதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ராத்திரி பெய்திருக்கிறது. காலையில் தெருவெல்லாம் தூங்குமூஞ்சி மரத்துப் பூ.

முடிவு செய்தாயிற்று. ஆ.டெ.

காரணம் (நாளைக்கு நானே என்னைக் கேட்டால்): மெத்தென்ற டயரில் போய் சேற்றில் நின்றால், நான் வேண்டாம் என்று எவ்வளவு கத்தினாலும் அவன் இறங்குவான். ரகு அப்படித்தான். குலுக்கலுக்குத் தலையணை வைக்கலாம். இறங்குவதைத் தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

நாத்தனார் கமலா அக்காவிடம் போனில் சொல்லித் தொலைத்தேன். சந்தாபுராவில் இருந்தபடி ஜோகுபாளையத்தை ஆள்கிற பெண்மணி.

"ஆடி பொறக்கறதுக்குள்ள போட்டுடு. அடுத்த வியாழன் ஆடி ஒண்ணு. இந்த வெள்ளிக்கிழமை நல்லா இருக்கு."

"சரிக்கா."

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டி கடைய விட்டு வெளிய வந்துடணும். போன தடவை டயர எப்ப போட்டீங்க, ஞாபகம் இருக்கா? ராகு காலத்துல. நான் அப்பவே சொன்னேன்."

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. சைட்டில் பூமி பூஜை தட்டுக்குக் கை கூப்புவேன், அத்தோடு சரி. ஆனால் அந்த "போன தடவை" நெஞ்சில் தைத்துவிட்டது. பாஷா பாய்க்கு போன்: வெள்ளி, காலை ஒன்பது மணி.

ஜூலை 11, வெள்ளி

மூட்டம். டயர் நாள்.

எட்டே காலுக்குக் கிளம்பினேன். ஆஷாட வெள்ளி, கோயில் கோயிலாகக் கூட்டம், அல்சூரில் வண்டி நகரவில்லை. கடை சேர ஒன்பது ஐம்பது. இரண்டு கிலோமீட்டருக்கு.

பாய் ஆயத்தமாக இருந்தார். ஃபிட்டர் சிவண்ணா பழையதைக் கழற்றி, புதியதை ரிம்மில் ஏற்றி, காற்று அடித்தார். டயர் ரிம்மில் உட்கார முதலில் ஐம்பது பவுண்டு அழுத்தம் வரை அடிக்க வேண்டுமாம். அடிக்க அடிக்க ஊதி, 'டப்' என்று ஒரு வெடி. நான் துள்ளினேன். நாலு டயர், பக்கத்துக்கு ஒன்றாக எட்டு டப்.

பத்து பத்து: அக்கா போன். "ஆச்சா?"
பத்து பதினைந்து: அக்கா போன். "சக்கரத்த மாட்டியாச்சா இல்லையா?"
பத்து இருபது: அக்கா. எடுக்கவில்லை.

"பாய், பத்தரைக்குள்ள வெளிய போயிடணும்."

"அலைன்மென்ட்?"

"அடுத்த வாரம் வரேன்."

"சிவண்ணா, பேக பேக!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டே பாய் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே நாலு எலுமிச்சம்பழம், கற்பூரம், குங்குமப் பொட்டலம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல டயர் கடை வைக்கணும்னா ஜாக்கி இல்லாம வைக்கலாம் மேடம். இது இல்லாம முடியாது."

பழங்களைச் சக்கரத்துக்கு ஒன்றாக அவரே வைத்தார். சிவண்ணா கற்பூரம் சுற்றினார். பத்து இருபத்தெட்டுக்கு நாலும் நசுங்க ரோட்டில் இறங்கினேன். கடையே கை தட்டியது. வெட்கம், ஆனால் சந்தோஷம்.

வண்டி ஒரு அங்குலம் உயர்ந்த மாதிரி. டயரின் ரப்பர் முடிகள் ரோட்டைத் தொடுகிற ஓசை கேட்கிறதாக நினைத்துக்கொண்டேன். வீடு வரை பாட்டுப் போடவில்லை.

ஜூலை 12, சனி

நல்ல வெயில். அதுவே எரிச்சல்.

காலை ஆறரை. தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவனை அழைத்தேன். மறுக்கவில்லை, அதுவே அதிசயம். முதுகுக்குச் சின்ன தலையணை, தொடைக்கு அடியில் மடித்த போர்வை. பாதப்படியில் ஒரு கால், பிறகு நிதானமாக இன்னொன்று. உட்கார்ந்தான். எட்டு மாதம் கழித்து அந்த சீட்டில் ஒரு முழங்கை, ஒரு தோள். என்னால் உடனே கிளம்ப முடியவில்லை. சாவியைத் தேடுவதுபோல் நடித்தேன்.

முதல் வேகத்தடையிலேயே தெரிந்தது. வண்டி இறங்கவில்லை, விழுந்தது. தார் ரோட்டில் ஒவ்வொரு ஒட்டும் இடுப்பில் வந்து தட்டுகிறது. எனக்கே அப்படி. ரகு கதவுக்கு மேலே இருக்கிற பிடியைப் பிடித்துக்கொண்டான். விரல் வெளுத்துவிட்டது. அல்சூர் ஏரியைச் சுற்றி வரலாம் என்று போனது, குருத்வாரா தாண்டியதும் திருப்பிவிட்டேன்.

"பரவால்ல, போ," என்றான். நெற்றியெல்லாம் வியர்வை.

"வேணாம்."

"சத்தம் நல்லாத்தான் இருக்கு," என்றான். என்னைச் சமாதானம் செய்ய. அது இன்னும் மோசம்.

மொத்தம் பத்து நிமிடம். மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறினான். வலி மாத்திரை. நாள் முழுக்கப் படுக்கை.

நானேதான் தேர்ந்தெடுத்தேன். வயல்காடு, ஓடை, கன்றுக்குட்டி. ஒரு டயரைப் பார்த்து மயங்கி இவன் முதுகை இரண்டாம் தடவை உடைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

மழை. சைட் இல்லை.

பாஷா பாய்க்கு போன். ரோட்டு டயராக மாற்றித் தர முடியுமா?

"மூணு நாள்தானே ஆச்சு மேடம்? கெட்டின்னு சொன்னேன். ஆனா நீங்க சொல்ற அளவுக்கு வராதே. புதன்கிழமை கொண்டு வாங்க. பாத்துட்டு மாத்திடலாம். உங்களுக்கு இல்லேன்னு சொல்றதுக்கு நான் யாரு?"

நல்ல மனிதர். அதற்கும் அழுகை வந்தது.

ஏரிப் பாதையை மறந்துவிடுவதாக முடிவு. ரோட்டு டயர், நல்ல ரோடு, ஒரு மணி நேரம். அக்கா வீடு வரை போய் இட்லி சாப்பிட்டுத் திரும்பி வருகிற வாழ்க்கை. அதுவும் வாழ்க்கைதானே. மத்தியானம் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். கனவில் வீட்டுக் கூடமெல்லாம் களிமண். ரகு அதன்மேல் வெறுங்காலோடு நடந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தான். கால் புதையவே இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

சாயங்காலம் கொட்டு மழை. ஐந்தரைக்கு வீடு. இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விட்டேன். மாடிக் கூரை பால்கனியைத் தாண்டி நீண்டிருப்பதால் வாசல் சிமென்டுத் தரை எப்போதும் காய்ந்தே இருக்கும். இறங்கிக் கதவைச் சாத்தினேன். மேலேயிருந்து குரல்.

"ஹேமா! அங்கயே நில்லு. கால வைக்காத."

பாம்போ என்று பயந்துவிட்டேன். ரகு பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, அவனுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு குனிந்து, தரையைப் பார்க்கிறான்.

"தடத்தப் பாரு."

பார்த்தேன். கேட்டிலிருந்து வண்டி வரை காய்ந்த சிமென்டில் இரண்டு ஈரக் கோடு. அதற்கென்ன?

"பழைய டயர் ஒரு சாண் அகலத்துக்கு ஈரம் இழுத்துட்டு வரும். இது அதவிட பெரிய டயர்னு சொன்ன. தடம் பாதிகூட இல்ல. நடுவுல மட்டும்தான் தரையத் தொடுது. ரெண்டு ஓரமும் பதியவே இல்ல."

"அதனால?"

"காத்து ஜாஸ்தி. பந்து மாதிரி நிக்குது உன் வண்டி."

டேஷ்போர்டிலிருந்து காற்றுமானியை எடுத்து முதல் டயரில் வைத்தேன். ஐம்பது. இரண்டாவது, ஐம்பது. நாலும் ஐம்பது. ரிம்மில் உட்காரவைக்க அடித்த காற்று. அதைக் குறைத்து முப்பத்திரண்டுக்குக் கொண்டு வருவதுதான் அடுத்த வேலை. அந்த வேலைக்கு இருந்த நேரத்தில் நாங்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தோம். கம்பியில் ஒரு அங்குலத்துக்குக் கத்துகிறவள், மானியைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு நாலு நாள் அழுதிருக்கிறேன்.

"அவசரத்துல அண்டாலயும் கை நுழையாது," என்றான் மேலேயிருந்து. பழைய குரல். வாயாடியின் குரல்.

"சரி சரி. இதெல்லாம் நீ எப்படிக் கவனிச்ச? பழைய தடத்தோட அகலமெல்லாம்?"

கம்பியை விட்டு மெதுவாக நிமிர்ந்தான். பிறகு: "எட்டு மாசமா நீ போறதையும் வர்றதையும் தவிர வேற என்ன பாக்கறேன்னு நெனச்ச?"

அவன் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை என்று நினைத்திருந்தேன். மேசையைப் பால்கனி ஓரம் போட்டது வெளிச்சத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

குந்தி உட்கார்ந்து காற்றை விட ஆரம்பித்தேன். ஸ்ஸ்ஸென்று நீளமாக. தெருப்பக்கம் இருந்த சக்கரத்துக்குப் போனபோது மழை முதுகில் அடித்தது. சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தால் குடை. யாரும் கூப்பிடாமல், படியில் தானே இறங்கி வந்து, நேராக நின்றபடி குடை பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"எவ்ளோ?"

"நாப்பது."

"இன்னும்."

"முப்பத்தஞ்சு."

"இன்னும் கொஞ்சம்."

புது ரப்பர் வாசனை, மழை, பாஷா பாய் கடைக் காற்று எங்கள் வாசலில் கரைகிற சத்தம். அவசரமே படவில்லை. இந்த உலகத்தில் இன்னும் நாற்பது டயருக்குக் காற்று இறக்க வேண்டியிருந்தாலும் சரி என்றிருந்தது.

ஜூலை 16, புதன்

மேகம். காலை ஆறரை, அல்சூர் ஏரி முழுச் சுற்று. இருபத்தைந்து நிமிடம். வேகத்தடையில் வண்டி இறங்கியது, விழவில்லை. ரகு பிடியை விடவில்லை, ஆனால் விரல் வெளுக்கவில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரை கேட்கவில்லை. நானும் வேண்டுமா என்று கேட்கவில்லை.

பாஷா பாயிடம் போய் அலைன்மென்ட் மட்டும். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் தப்பு மேடம். நாப்பது வருஷ சர்வீஸ்ல இப்டி விட்டதில்ல."

"உங்க தப்பு இல்ல பாய். ராகு காலம்."

கமலா அக்காவிடமும் சொன்னேன். கொஞ்சமாவது வருத்தப்படுவார் என்று ஒரு நப்பாசை. "பாத்தியா? ராகு காலத்துல வேற போட்டிருந்தா இன்னும் என்னென்ன ஆயிருக்கும்!" என்றார். இவருக்கு முன்னால் நவக்கிரகமே கை கட்டி நிற்கும்.

ராத்திரி சாப்பிடும்போது ரகு: "ஞாயித்துக்கிழமை மழை இருக்காமா?"

"தெரியல. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

ஜூலை 20, ஞாயிறு

ஏரிக்கரையில் வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். டயர் உத்தரவாத அட்டையின் பின்பக்கம், நோட்டு வீட்டில். எஞ்சினை அணைக்கவில்லை, காரணம் கீழே.

நேற்று ராத்திரி மழை. காலை மூட்டம், வெளிச்சம் பால் கலந்த மாதிரி. ஆறு மணிக்குக் கிளம்பினோம். தலையணை, போர்வை, பிளாஸ்க். மடிவாளா தாண்டியது, எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியது. ரகு தூங்கவில்லை. பிடியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். பயந்தவன் தூங்க மாட்டான்.

சந்தாபுராவில் அக்கா வீட்டில் முக்கால் மணி நேர ஓய்வு. இட்லி. அக்கா இறங்கி வந்து டயரைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"இவர் கண்டுபிடிக்கலேன்னா மாத்தியிருப்பேன்க்கா."

"இவன் தூங்காமயா வந்தான்? அதிசயம்தான்," என்று தம்பி தலையில் ஒரு தட்டு. அவருக்குத் தெரியாது, எனக்கு எங்கே வலித்தது என்று.

ஆனேக்கல் தாண்டி ரோடு காலி. ஆ.டெ.யின் உறுமல் அங்கேதான் முழுசாகக் கேட்டது. ம்ம்ம்ம் என்று ஒரே சுருதி, தரையிலிருந்து சீட்டு வழியாக உடம்புக்குள்.

"சேறு எந்த இடம்?" என்றான்.

"மண்பாதைல திரும்பி ரெண்டு கிலோமீட்டர்."

"வந்தா சொல்லு. நான் இறங்கிக்கறேன். வெயிட் கம்மியாகும்."

"நீ இறங்கவே வேணாம்."

"சொல்லு, அவ்ளோதான்."

"சரி."

மண்பாதை முனையில் இறங்கி, சேற்றில் நன்றாகப் பதியட்டும் என்று நாலு டயரிலும் இன்னும் கொஞ்சம் காற்றை விட்டேன். இருபத்தாறு. வேப்பமரத்தடி, தூறல். இந்தத் தடவை நானே மானி வைத்து இரண்டு முறை பார்த்தேன். ஏறி உட்கார்ந்து மெதுவாக நகர்த்தினேன். அவனிடம் பேசவில்லை, கண் முழுக்க பாதையில்.

அந்த இடம் வந்தது. அதே வளைவு, அதே உடைந்த மைல்கல். நவம்பரைவிட மோசம். பாதை முழுக்கக் குழம்பு, ட்ராக்டர் கிழித்த இரண்டு பள்ளம், அதில் தண்ணீர். மெதுவாக, பலமாக இழுக்கிற சிறு கியர் பெட்டியைப் போட்டேன். இரண்டாவது கியர். நிற்காமல், அவசரப்படாமல். முன்சக்கரம் இறங்கியது, வழுக்கியது, ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு பிடித்தது. கை வழியாகத் தெரிந்தது, கட்டை கட்டையாகச் சேற்றைக் கடிப்பது. சேறு அடியில் தப்தப்பென்று அறைந்தது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. கரை.

எட்டு மாதமாக நான் பயந்த இடம், ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

"ரகு, பாத்தியா?" என்று திரும்பினேன்.

தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. பிடியிலிருந்து எப்போது விழுந்ததோ, கை மடியில் மல்லாந்து கிடந்தது. எங்கே தூங்க ஆரம்பித்தான் என்றுகூடத் தெரியவில்லை. ஒன்றையும் பார்க்கவில்லை.

ஏரிக்கரையில் நிறுத்தினேன். எஞ்சின் நின்றால் விழித்துவிடுவான், அதனால் ஓடட்டும். அழுதேன், சத்தமில்லாமல், நன்றாக. தண்ணீரில் மூட்டம் இறங்கியிருக்கிறது. அக்கரை இல்லவே இல்லை. பிளாஸ்க்கைத் திறக்கவில்லை, திருகினால் சத்தம் வரும்.

இப்போது, இதை எழுதும்போதே, கண்ணைத் திறக்காமல் கேட்கிறான்:

"சேறு வந்துச்சா?"

"இன்னும் வரல. தூங்கு."

"ம்."